இரவு இரண்டு மணிக்கு பேக்கப் ஓடும்போது சர்வர் விழுகிறது: ஒரு மாதத்தில் நான்காவது முறை

கிட்டங்கிக் கணக்கு, போடி | திங்கள், காலை 9.10

அனைவருக்கும் வணக்கம். போடியில் ஏலக்காய் வாங்கி விற்கும் ஒரு கிட்டங்கியில் கணக்கும் கணினியும் என் பொறுப்பு. ஒரு மாதத்தில் நான்காவது முறையாக இன்று காலை சர்வர் விழுந்து கிடந்தது.

ஆறரை மணிக்கு மலையிலிருந்து ஜீப்பில் காய் மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. தராசில் மூட்டை நிற்கிறது, எடைச்சீட்டு அடிக்க வழியில்லை. பழைய கார்பன் தாள் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையால் எழுதிக் கொடுத்தேன். ஏலத்துக்கு அனுப்ப வேண்டிய லாட் விவரம் அரைமணி நேரம் தாமதமானது. முதலாளி கோபத்தில் இருக்கிறார். "பேக்கப் ஓடினால்தானே விழுகிறது? அதை நிறுத்து" என்று சொல்லிவிட்டார்.

இயந்திரம்: டெபியன் 10 (லினக்ஸ் இயங்குதளம்), 16 ஜிபி நினைவகம், ஒரே நேரத்தில் எட்டு வேலை இழைகள் ஓடும் செயலி. 2 டிபி வன்தட்டுகள் இரண்டு, ரெய்டு 1 ஜோடியாக, அதாவது இரண்டிலும் ஒரே தரவு. தரவுத்தளம் மரியாடிபி. தினமும் இரவு 2 மணிக்குத் தரவுத்தளத்தை எடுத்துச் சுருக்கி யூஎஸ்பி டிஸ்கில் எழுதுகிறது. சனிக்கிழமை இரவு 11 மணிக்கு ஸ்கேன் செய்த பில்கள் உட்பட எல்லாக் கோப்புகளுக்கும் முழு பேக்கப். ஏழு நாள் பிரதிகளை வைத்துக்கொண்டு பழையதை ஸ்கிரிப்ட்டே அழித்துவிடும்.

எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள்.

தென்மலைச் சாரல், செங்கோட்டை | திங்கள், காலை 9.42

தம்பி, முதலில் ஒன்று. பேக்கப்பை நிறுத்தாதீர்கள். விழுந்துகொண்டிருக்கும் இயந்திரத்தில் பேக்கப்பையும் நிறுத்திவிட்டால், அது கடைசியாக விழும் நாளில் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. முதலாளியிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

பேக்கப் என்பது சர்வருக்கு மிகக் கடினமான ஒரு மணி நேரம். பகல் முழுவதும் தொடாத கோப்பையெல்லாம் அப்போதுதான் படிக்கிறது. செயலி, நினைவகம், வன்தட்டு மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்தில் வேலை செய்கின்றன. எங்கேயோ ஏற்கெனவே இருந்த பழுது அந்த நேரத்தில் வெளியே வருகிறது.

மூன்று கேள்விகள். "விழுந்தது" என்றால் என்ன? இயந்திரமே உறைந்துவிட்டதா, அல்லது இயந்திரம் ஓடுகிறது, மென்பொருள் மட்டும் இணைய மறுக்கிறதா? நான்கு முறையும் ஒரே மாதிரியா? ஒரு மாதத்துக்கு முன் எதையாவது மாற்றினீர்களா?

ஆரணியாற்றங்கரை, ஊத்துக்கோட்டை | திங்கள், காலை 10.30

எங்கள் அரிசி ஆலையில் இதே போல ஒன்று நடந்தது, பாருங்கள். அங்கேயும் வெளி டிஸ்க்தான். ஒருநாள் அது இணையவில்லை. ஆனால் அது இணைய வேண்டிய அடைவு (ஃபோல்டர்) அப்படியே இருந்தது. பேக்கப் அந்த அடைவுக்குள், அதாவது சர்வரின் சொந்த வட்டிலேயே, எழுதிக்கொண்டே போயிற்று. வட்டு நிறைந்தது, தரவுத்தளம் நின்றது. காலையில் டிஸ்க்கைச் செருகியதும் நிறைந்த கோப்புகள் அதன் அடியில் மறைந்துவிட்டன. எங்கே போனது இடம் என்று இரண்டு நாள் தேடினோம்.

டிஸ்க் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதும்படி ஸ்கிரிப்ட்டின் தலையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

குமுளி மழை | திங்கள், பகல் 12.05

ஐப்பசி இடி மழையை மறந்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் இரவில் மின்சாரம் போய்ப்போய் வருகிறது. யூபிஎஸ் பேட்டரி பழையதாக இருந்தால், பேக்கப் நேரத்தில் சுமை கூடும்போது தாங்காது. என் கணிப்பு மின்சாரம்தான்.

கிட்டங்கிக் கணக்கு, போடி | திங்கள், மாலை 7.20

செங்கோட்டை அண்ணாச்சி கேட்ட பிறகுதான் உட்கார்ந்து நாட்குறிப்பைப் புரட்டினேன். நான்கும் ஒரே மாதிரி இல்லை. முதல் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை, இயந்திரமே உறைந்திருந்தது. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விளக்குகூட எரியவில்லை, சுவிட்சை அணைத்துப் போட வேண்டியிருந்தது. மற்ற மூன்றும் வேலை நாட்கள். இயந்திரத்துக்குள் நுழைய முடிந்தது, மரியாடிபி மட்டும் நின்றிருந்தது.

மாற்றியது ஒன்றுதான். யூஎஸ்பி டிஸ்கில் இடம் போதவில்லை என்று ஐந்து வாரத்துக்கு முன் சுருக்கத்தின் அளவைக் கூட்டினேன். எக்ஸ்இசட் நிரலுக்கு 9ஆம் நிலை, எட்டு இழை.

யூபிஎஸ்ஸைச் சோதித்தேன். மின்சாரத்தைத் துண்டித்தும் இருபது நிமிடம் நின்றது. ஊத்துக்கோட்டை அண்ணன் சொன்ன வரியைச் சேர்த்துவிட்டேன்; டிஸ்க் எப்போதும் இணைந்துதான் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையின் லாக்கை (இயந்திரத்தின் நிகழ்வுப் பதிவை) தேடினால் ஒன்றுமே இல்லை. இன்று காலை மறுபடி இயக்கியதிலிருந்துதான் இருக்கிறது.

தென்மலைச் சாரல், செங்கோட்டை | திங்கள், இரவு 8.05

லாக் நினைவகத்தில் மட்டும் இருக்கிறது, அதனால்தான் இயந்திரம் அணைந்ததும் போய்விடுகிறது. வார்-லாக் அடைவுக்குள் ஜர்னல் என்று ஓர் அடைவை உருவாக்கி, ஜர்னல் சேவையை ஒருமுறை நிறுத்தி இயக்குங்கள். அதன்பின் வட்டில் எழுதும். அடுத்த முறை விழுந்தால் முந்தைய இயக்கத்தின் லாக்கைத் தனியாகக் கேட்டு வாங்கலாம்.

சர்வருக்கு மானிட்டர் இருக்கிறதா? இல்லையென்றால் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டி, அணைக்காமல் விட்டுவைங்கள். வட்டே உறைந்துவிட்டால் லாக்கை எங்கே எழுதும்? இயங்குதளத்தின் மையமான கர்னலின் கடைசிச் சொல் திரையில்தான் கிடக்கும்.

கிட்டங்கிக் கணக்கு, போடி | புதன், காலை 6.50

விழுந்தது. ஆனால் இம்முறை லாக் கிடைத்துவிட்டது. இரவு 2.23க்கு "நினைவகம் தீர்ந்தது" என்று கர்னல் எழுதியிருக்கிறது. அடுத்த வரியில் மரியாடிபியைக் கொன்றுவிட்டதாக இருக்கிறது. பேக்கப் செய்தது எக்ஸ்இசட், செத்தது மரியாடிபி. ஏன் இப்படி?

வாளையார் கணவாய், பாலக்காடு | புதன், காலை 8.15

நான் ஒரு மருத்துவமனையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள். இந்த உரையாடலைத் திங்களிலிருந்து படித்துவருகிறேன். இது எனக்கு மிகவும் பழக்கமான இடம்.

நினைவகம் முற்றிலும் தீர்ந்துவிட்டால், யாரையாவது ஒருவரை அகற்றித்தான் மற்றவர்களைக் காப்பாற்ற முடியும் என்று கர்னல் முடிவெடுக்கிறது. தவறு செய்தது யார் என்று அது பார்ப்பதில்லை. அகற்றினால் அதிக இடம் கிடைப்பது யாரிடம் என்று பார்க்கிறது. தரவுத்தள சர்வரில் அது பெரும்பாலும் தரவுத்தளமாகவே இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். எக்ஸ்இசட் 9ஆம் நிலையில் சுருக்க, ஓர் இழைக்கு 674 மெகாபைட் கேட்கும். அதன் கையேட்டிலேயே அட்டவணை இருக்கிறது. எட்டு இழைக்குக் குறைந்தது 5,392 மெகாபைட், ஏறக்குறைய ஐந்தேகால் ஜிபி. மரியாடிபிக்கு பஃபர் (தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடம்) எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? 10 ஜிபி என்றால் இரண்டும் சேர்ந்து பதினைந்தைத் தாண்டிவிட்டது. மீதியில் கர்னலும் மற்றவையும் எங்கே மூச்சு விடும்?

தினமும் விழாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பஃபருக்கு ஒதுக்கிய இடம் முழுவதும் எல்லா நாளும் நிரம்புவதில்லை. பழைய கணக்கையெல்லாம் புரட்டிய நாளில்தான் நிரம்பும்.

எக்ஸ்இசட்டை 6ஆம் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அங்கே ஓர் இழைக்கு 94 மெகாபைட்தான். இழையையும் இரண்டாகக் குறையுங்கள். இரவு இரண்டு மணிக்கு யாருக்கு அவசரம்? கோப்பு கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். பஃபரை 8 ஜிபிக்கு இறக்குங்கள்.

கிட்டங்கிக் கணக்கு, போடி | புதன், காலை 10.40

அக்கா, சரியாக 10 ஜிபிதான் ஒதுக்கியிருந்தேன். திங்கட்கிழமை விழுந்ததற்கு முந்தைய நாள் மாலை, முதலாளி ஐந்து வருட வரவு-செலவு அறிக்கை எடுக்கச் சொல்லியிருந்தார். எல்லாம் பொருந்துகிறது. மாற்றிவிட்டேன். உங்கள் எல்லோருக்கும் நன்றி. இந்த உரையாடலை முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

தென்மலைச் சாரல், செங்கோட்டை | புதன், காலை 11.25

முடிக்க வேண்டாம். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அன்று உறைந்தது முழு இயந்திரம். நினைவகம் தீர்ந்தாலும் சில நேரம் உறையும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே இரவு வேலையின்போது விழுகிறது என்பதற்காக எல்லாமே ஒரே நோய் என்று எழுதிவிடக் கூடாது. மானிட்டரைக் கழற்றாதீர்கள்.

இன்னொன்று. தரவுத்தளம் பாதியில் செத்த இரவுகளில் எழுதிய பேக்கப் கோப்பு எப்படி இருக்கிறது என்று விரித்துப் பார்த்தீர்களா? ஒழுங்காக முடிந்த கோப்பின் கடைசி வரியில் "டம்ப் முடிந்தது" என்ற பொருளில் தேதியோடு ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வாலை மட்டும் பாருங்கள், போதும்.

கிட்டங்கிக் கணக்கு, போடி | புதன், பகல் 1.15

பார்த்தேன். கை நடுங்கிவிட்டது அண்ணாச்சி.

இன்றைய கோப்பில் அந்த வரி இல்லை. வண்டன்மேட்டு விவசாயி ஒருவரின் எடைப் பதிவு வரிசையில், எடையின் முதல் எண்ணான 4 வரை வந்து அங்கேயே நிற்கிறது. அது 4 கிலோவா, 42 கிலோவா, 418 கிலோவா என்று கோப்புக்குத் தெரியாது. அதன்பின் வர வேண்டிய அட்டவணைகள் எதுவுமே இல்லை. விவசாயிகளுக்கு நாங்கள் கொடுத்த முன்பணக் கணக்கு அகர வரிசையில் பின்னால் வருகிறது. அது முழுவதும் இல்லை.

திங்கட்கிழமை கோப்பும் அப்படித்தான். இருக்கும் ஏழு பிரதிகளில் இரண்டு பாதி. ஆனால் ஸ்கிரிப்ட் இரண்டு நாளும் "வெற்றி" என்று எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது! அதை நம்பித்தான் ஏழு நாளுக்கு முந்தியதை அழித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

வாளையார் கணவாய், பாலக்காடு | புதன், பகல் 1.50

பதறாதீர்கள் தம்பி, ஐந்து நல்ல பிரதிகள் இருக்கின்றன. அவற்றை இப்போதே வேறொரு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

ஸ்கிரிப்ட் பொய் சொல்லவில்லை. நாம் தவறான ஆளிடம் கேட்டிருக்கிறோம். தரவுத்தளத்தை எடுத்துத் தரும் டம்ப் நிரலின் வெளியீட்டைக் குழாய் வழியாக எக்ஸ்இசட்டுக்கு அனுப்புகிறீர்கள். குழாயில் இரண்டு நிரல்கள் இருந்தால், கடைசியில் இருப்பதன் முடிவைத்தான் ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்) திருப்பிச் சொல்லும். டம்ப் பாதியில் செத்தது. எக்ஸ்இசட் தனக்கு வந்தவரை சுருக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நல்லபடியாக வெளியேறியது. பாஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் என்ற அமைப்பை ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் போட்டால், குழாயில் எது தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று சொல்லும்.

அத்தோடு விடாதீர்கள். கோப்பை விரித்து, கடைசி வரி இருந்தால் மட்டுமே வெற்றி என்று எழுதச் சொல்லுங்கள். புதிய பிரதி நல்லது என்று தெரிந்த பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும். எங்கள் மருத்துவமனையில் இந்த வரிசையை மாற்ற நான் யாரையும் அனுமதிப்பதில்லை.

ஆரணியாற்றங்கரை, ஊத்துக்கோட்டை | புதன், மாலை 4.30

இதைப் படித்துவிட்டு எங்கள் ஆலையின் கோப்புகளையும் இப்போதுதான் திறந்து பார்த்தேன். முப்பதில் ஒன்று பாதியில் நிற்கிறது. என்றைக்கு, ஏன் என்று இனித்தான் பார்க்க வேண்டும். நன்றி அக்கா.

கிட்டங்கிக் கணக்கு, போடி | ஞாயிறு, காலை 7.05

அண்ணாச்சி சொன்னது நடந்தேவிட்டது. வியாழன், வெள்ளி, சனி அதிகாலை மூன்றும் ஒழுங்காக முடிந்தன. நேற்று இரவு முழு பேக்கப்பின்போது இயந்திரமே உறைந்துவிட்டது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாக இருக்கிறது.

மானிட்டர் இருந்ததால் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். ஒரு பணி "120 வினாடிக்கு மேல் தடைபட்டு நிற்கிறது" என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இடையிடையே இரண்டாவது வன்தட்டின் இணைப்பை மீட்டமைப்பதாகச் சில வரிகள். மறுபடி இயக்கிய பின் லாக்கைப் பார்த்தால், வட்டில் கடைசியாக எழுதியது 1.14 மணி. முழு பேக்கப் தொடங்கியது 11க்கு. இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. லாக்கில் 12.57க்கு ரெய்டு சரிபார்ப்பு தொடங்கியதாக ஒரு வரி இருக்கிறது. நான் அப்படி எதையும் அட்டவணையில் போடவில்லை.

தென்மலைச் சாரல், செங்கோட்டை | ஞாயிறு, காலை 8.30

நீங்கள் போடவில்லை, டெபியன் போட்டது. உங்கள் பதிப்பில், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு நள்ளிரவு 12.57க்கு ரெய்டு ஜோடியின் இரண்டு தட்டுகளையும் தொடக்கம் முதல் கடைசிவரை படித்து ஒப்பிட வேண்டும் என்று, ரெய்டைக் கவனிக்கும் எம்டிஅட்ம் பொதி தானாகவே அட்டவணையில் எழுதி வைத்திருக்கும். இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. நீங்கள் முதன்முதலில் விழுந்ததாகச் சொன்னதும் சென்ற மாதத்தின் முதல் ஞாயிறாகத்தான் இருக்கும், பாருங்கள்.

உங்கள் முழு பேக்கப் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அது முடிவதற்குள் சரிபார்ப்பும் சேர்ந்துகொண்டது. ஆனால் இரண்டு பெரிய வேலைகள் மோதினால் வேகம் குறையும், அவ்வளவுதான். நல்ல வட்டு உறைந்து போகாது. அந்த இணைப்பு மீட்டமைப்பு வரிகள்தான் எனக்குக் கவலை தருகின்றன.

இரண்டாவது வன்தட்டில் சில பகுதிகள் படிக்க முடியாமல் போயிருக்கின்றன என்று நினைக்கிறேன். வீட்டுக் கணினிக்கென்று செய்யும் வன்தட்டு, படிக்க முடியாத பகுதியை எப்படியாவது படித்துவிட வேண்டும் என்று ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கும். கர்னல் வழக்கமாக 30 வினாடிதான் பொறுக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் தட்டு செத்துவிட்டது என்று கருதி இணைப்பை அறுத்து மீண்டும் போடும். மறுபடி அதே இடம், மறுபடி 30 வினாடி. இப்படி அடுத்தடுத்துப் பல பகுதிகள் வந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இயந்திரம் இறந்தது போலவே இருக்கும். உள்ளே அது காத்துக்கொண்டிருக்கும்.

ரெய்டுக்கென்று செய்யும் தட்டுகளில் "7 வினாடிக்குள் கிடைக்கவில்லை என்றால் முடியாது என்று சொல்லிவிடு" என்ற அமைப்பு இருக்கும். உடனே ரெய்டு அடுத்த தட்டிலிருந்து அந்தப் பகுதியைப் படித்து, பழுதான இடத்தில் திரும்ப எழுதிவிடும். பயனாளருக்கு ஒன்றும் தெரியாது.

ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது தட்டு தன் நிலையைப் பற்றித் தானே தரும் அறிக்கையை, எடுங்கள். படிக்க முடியாத பகுதிகளை எண்ணிச் சொல்லும் 197, 198 ஆகிய இரண்டு வரிசைகளில் என்ன எண் இருக்கிறது?

குமுளி மழை | ஞாயிறு, காலை 9.15

ஆனால் பகலில் எல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது? தட்டு பழுது என்றால் பகலிலும் தெரிய வேண்டாமா?

தென்மலைச் சாரல், செங்கோட்டை | ஞாயிறு, காலை 9.40

நியாயமான கேள்வி. பகலில் இந்த ஆண்டின் கணக்கைத்தான் தொடுகிறார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஸ்கேன் பில் ஒன்றை யார் திறக்கப் போகிறார்கள்? பழுதான பகுதி அதன் கீழே இருந்தால் யாருக்கும் தெரியாது. அதைப் படிப்பது முழு பேக்கப்பும் மாதாந்திரச் சரிபார்ப்பும் மட்டும்தான். ரெய்டு 1இல் படிக்கும்போது ஏதாவது ஒரு தட்டிலிருந்து படித்தால் போதும் என்பதால், பேக்கப்பேகூடப் பல வாரம் நல்ல தட்டிலிருந்து படித்துத் தப்பியிருக்கலாம்.

கிட்டங்கிக் கணக்கு, போடி | ஞாயிறு, காலை 10.20

முதல் தட்டு: 197 வரிசையில் 0, 198இல் 0. இரண்டாவது தட்டு: 197 வரிசையில் 56, 198இல் 48. அந்த 7 வினாடி அமைப்பு இரண்டு தட்டுகளிலும் இல்லை என்று அறிக்கை சொல்கிறது. வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தோம்.

நாட்குறிப்பையும் பார்த்துவிட்டேன். சென்ற மாதமும் முதல் ஞாயிறுதான்.

தென்மலைச் சாரல், செங்கோட்டை | ஞாயிறு, காலை 10.45

இரண்டாவது தட்டு போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும். ஆனால் அவசரத்தில் இழுத்துவிடாதீர்கள். வரிசை முக்கியம்.

முதலில் ஒரு நல்ல தரவுத்தள பேக்கப் எடுத்து, வேறு இயந்திரத்தில் மீட்டுப் பாருங்கள். முதல் தட்டுக்கு ஸ்மார்ட் நீள்சோதனை ஓட்டுங்கள், இரண்டாவதை அகற்றினால் எல்லாம் அந்த ஒரே தட்டில்தான் நிற்கும். பிறகு இரண்டாவது தட்டின் தொடர் எண்ணைத் தாளில் எழுதி, பெட்டியைத் திறந்து, ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு அகற்றுங்கள். பழுதான தட்டை விட்டுவிட்டு நல்ல தட்டை இழுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் தட்டுக்கு 7 வினாடி அமைப்பு இல்லாததால், கர்னலின் 30 வினாடிப் பொறுமையை 180 ஆக உயர்த்தி, ஒவ்வொரு முறை இயங்கும்போதும் அமையும்படி செய்யுங்கள். முழு பேக்கப்பை வெள்ளி இரவுக்கு மாற்றுங்கள். சரிபார்ப்பை நிறுத்தாதீர்கள், அதுதான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது.

வாளையார் கணவாய், பாலக்காடு | ஞாயிறு, காலை 11.10

மீட்டுப் பார்ப்பதைக் கடமைக்குச் செய்யாதீர்கள் தம்பி. கோப்பு ஏறியது என்பதோடு நிற்காமல், பழைய பேரேட்டை எடுத்து நான்கைந்து பேரின் இருப்பைச் சரிபாருங்கள். முடிந்தால் முதலாளியையே உட்கார வைத்துச் செய்யுங்கள்.

கிட்டங்கிக் கணக்கு, போடி | வியாழன், இரவு 8.35

நான்கு நாளாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கள் இரவு எடுத்த பேக்கப்பைக் கிட்டங்கியின் பின்னறையில் சும்மா கிடந்த பழைய கணினியில் ஏற்றினேன். ஐம்பது நிமிடம் ஆனது. அக்கா சொன்னபடி முதலாளியை அழைத்து வந்து உட்கார வைத்தேன். அவர் தன் கைப்பட எழுதும் சிவப்பு அட்டைப் பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். நான் திரையில் எடுத்துக் காட்டினேன். முதல் ஏழு பேர் பைசா பிசகவில்லை. எட்டாவது பெயர் அந்த வண்டன்மேட்டு விவசாயி. பாதிக் கோப்பில் 4 என்று நின்ற எடை, 46 கிலோ 300 கிராம். முதலாளி தன் எழுத்தின் மேல் விரலை வைத்துத் திரையை ஒருமுறை, பேரேட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு, "இதை மாதம் ஒருமுறை எனக்குக் காட்டு" என்றார்.

முதல் தட்டின் நீள்சோதனை பழுதில்லாமல் முடிந்தது. நேற்று மதுரையிலிருந்து ரெய்டுக்கான தட்டு ஒன்று வந்தது. தொடர் எண்ணை இரண்டு முறை ஒப்பிட்டுவிட்டு மாற்றினேன். ஜோடி மீண்டும் இணைய நான்கரை மணி நேரம் ஆனது. முதல் தட்டுக்கும் இணையாக ஒன்றை அடுத்த மாதம் வாங்கித் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். நேற்று இரவு பேக்கப் 2.00க்குத் தொடங்கி 2.41க்கு முடிந்தது. கடைசி வரி இருக்கிறது. பைப்ஃபெயில் போட்டபின், வேண்டுமென்றே தரவுத்தளத்தை நடுவில் நிறுத்தி ஒருமுறை சோதித்தேன். "தோல்வி" என்று மின்னஞ்சல் வந்தது. அந்த அஞ்சலைப் பார்த்து நான் மகிழ்ந்ததைப் போல எதையும் பார்த்து அண்மையில் மகிழ்ந்ததில்லை.

ஒரே ஒரு சந்தேகம். கழற்றிய தட்டைப் பழைய இரும்புக்காரர் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

வாளையார் கணவாய், பாலக்காடு | வியாழன், இரவு 9.02

கொடுக்காதீர்கள். ரெய்டு 1 என்பதால் அந்த ஒரே தட்டில் உங்கள் எல்லா விவசாயிகளின் கணக்கும் அப்படியே இருக்கிறது. ஐம்பத்தாறு பகுதிகள்தான் படிக்காது, மற்றதெல்லாம் படிக்கும். முழுவதும் எழுதி அழிக்கப் பாருங்கள். பழுதால் நடுவில் நின்றுவிட்டால் மூடியைத் திறந்து உள்ளிருக்கும் வட்டுகளை உடைத்துவிட்டு, மிச்சத்தைக் கொடுங்கள்.